ஓய்வுக்கால முதலீடும் நம்பகமான தகவலும்: 1906 முதல் இன்று வரையிலான ஒரு வரலாற்று நோக்கு

பணி ஓய்வன்று பி.எஃப்., கிராஜுவிட்டி, ஈட்டிய விடுப்புக்கான தொகை என ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒருமுறை காணும் பெருந்தொகை கைக்கு வருகிறது. அதை எங்கே போடுவது என்று முடிவெடுக்க, யாருடைய சொல்லை நம்பலாம் என்பது முதலில் தெரிய வேண்டும். இந்தியாவில் இக்கேள்விக்கான விடை கடந்த 120 ஆண்டுகளில் எவ்வாறு மாறி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முதலீட்டாளருக்கு நம்பகமான தகவல் பெரும்பாலும் ஒரு பெருஞ்சரிவுக்குப் பிறகே, சட்டத்தின் வழியாகவே கிடைத்திருக்கிறது என்பது இதன் வாதம்.

பெயரே சான்றாக இருந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற பெயரே போதுமான உத்தரவாதமாகக் கருதப்பட்டது. அது ஒரு பங்காளி நிறுவனம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கியது. லண்டனில் இருந்த பங்காளி ஊக முதலீடுகளில் பணத்தை இழந்துகொண்டிருந்தது சென்னையில் டெபாசிட் போட்டவர்களுக்குத் தெரிய வழியில்லை. 1906 அக்டோபர் 22 அன்று நிறுவனம் திவாலானது. ஓய்வுபெற்றவர்கள், கைம்பெண்கள், சிறு வணிகர்கள் எனப் பல தரப்பினரின் சேமிப்பு அதில் கரைந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அந்த அதிர்ச்சியிலிருந்து, வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்ற முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

நிறுவனர்களின் குடும்பப் பெருமையும் கட்டடத்தின் கம்பீரமும் கணக்குப் புத்தகத்துக்கு ஈடாகா என்பதே அந்தச் சரிவு சொன்ன பாடம். ஆனால் மக்கள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: தனியாரை நம்பாதே, அரசை நம்பு. 1882இல் தொடங்கப்பட்டிருந்த அஞ்சலக சேமிப்பு வங்கி அந்த நம்பிக்கைக்கு இடம் தந்தது. அரசு ஊழியருக்கு ஓய்வூதியமும், 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலைத் தொழிலாளருக்கு வருங்கால வைப்பு நிதியும் வந்தபின், முதலீட்டுத் தகவலைத் தேடும் தேவையே பலருக்கு எழவில்லை. அவர்களுக்காக வேறு யாரோ முடிவெடுத்தார்கள்.

அரசின் நிழலில் மறைந்த கணக்கு

1964இல் யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா தொடங்கிய ‘யூனிட் 64’ திட்டம், அரசின் பெயரோடு பங்குச்சந்தை வருமானத்தையும் தருவதாக அமைந்தது. ஓய்வுபெற்றோர் அதை வங்கி டெபாசிட்டைப் போலவே பாவித்தனர். யூனிட்டின் விலையை நிர்வாகமே நிர்ணயித்தது. கையிருப்பிலுள்ள பங்குகளின் சந்தை மதிப்போடு அது பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 1992இல் சட்டபூர்வ அதிகாரம் பெற்ற பிறகும், மற்ற மியூச்சுவல் ஃபண்டுகள் நிகர சொத்து மதிப்பை வெளியிடத் தொடங்கிய பிறகும், தனிச் சட்டத்தின்கீழ் இருந்த இத்திட்டம் அந்த வரம்புக்கு வெளியே நின்றது.

1998இல் திட்டத்தின் காப்பு நிதி எதிர்மறையாகிவிட்டது வெளிப்பட்டது. 2001 ஜூலையில் யூனிட்டுகளின் விற்பனையும் திரும்பப் பெறுதலும் ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டன. பின்னர் வெளியான உண்மையான மதிப்பு, முக மதிப்பான 10 ரூபாய்க்கும் கீழே இருந்தது. சந்தை சரிந்தது ஒரு பகுதிக் காரணமே. உண்மையான மதிப்பு வெளியில் தெரியாததால், விவரமறிந்த பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே வெளியேற முடிந்தது. சிறு முதலீட்டாளர் உள்ளே சிக்கினார்.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்களும் தேக்கு மரத் திட்டங்களும் நாளிதழ் விளம்பரங்கள் வழியாக வளர்ந்தன. வங்கியைவிடப் பல மடங்கு வட்டி என்ற ஒரே வரியே பலருக்குத் தகவலாக இருந்தது. அவை கவிழ்ந்தபின், முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாடு சட்டம் 1997இல் வந்தது. அதே ஆண்டில் வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெறுவது கட்டாயமாயிற்று. தேக்கு மரத் திட்டங்கள் போன்ற கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான செபி விதிகள் 1999இல் வந்தன.

முடிவெடுக்கும் சுமை இடம் மாறியது

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கு, படையினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2009 மே மாதம் அது எல்லாக் குடிமக்களுக்கும் திறக்கப்பட்டது. எந்த நிதி மேலாளர், பங்குகளில் எத்தனை சதவீதம் என்பதைச் சேமிப்பவரே தேர்ந்தெடுக்கும் நிலை உருவானது. தகவலின்மையின் விலையை இனி அவரே தருகிறார்.

இதற்கு ஈடாகத் தகவல் சீர்திருத்தங்களும் வந்தன. 2009 ஆகஸ்டில் மியூச்சுவல் ஃபண்டு நுழைவுக் கட்டணம் ஒழிந்தது. 2013 ஜனவரியில் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் வந்தது. அதே ஆண்டில் முதலீட்டு ஆலோசகர்களுக்கான பதிவு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2016 முதல், விநியோகஸ்தருக்குச் செலுத்தப்பட்ட கமிஷன் ரூபாய்க் கணக்கில் முதலீட்டாளரின் கணக்கு அறிக்கையில் இடம்பெறுகிறது. 2018 பிப்ரவரி முதல் ஃபண்டுகள் தம் வருமானத்தை டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டோடு ஒப்பிட வேண்டும். அதற்குமுன் டிவிடெண்ட் சேராத குறியீட்டோடு ஒப்பிட்டதால், சாதாரண ஃபண்டும் சந்தையை வென்றதுபோல் தோன்றியது. எண் பொய்யில்லை, ஒப்பீடுதான் தவறு.

கமிஷன் பற்றிய ஒரு தகவலின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சமாகும். செலவு ஒரு சதவீதம் கூடி நிகர வளர்ச்சி 9 சதவீதமானால் 1 கோடியே 12 லட்சமே கிடைக்கும். இடைவெளி 22 லட்சம் ரூபாய். முதலில் போட்ட தொகையைவிட அதிகம். ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் காட்டும் பலன் விளக்கப் பட்டியலிலும் இதே கவனம் தேவை. அதில் 4, 8 சதவீதம் என இரு கற்பனை விகிதங்கள் இருக்கும். உத்தரவாதமில்லாத பலன்களைப் பொறுத்தவரை இரண்டுமே வாக்குறுதி ஆகா; பேச்சில் பெரும்பாலும் 8 சதவீதப் பத்தி மட்டுமே சுட்டிக்காட்டப்படுகிறது.

இன்றைய சிக்கல்

இன்று தகவலுக்குப் பஞ்சமில்லை. அது கரைபுரண்டு ஓடுகிறது. யூடியூப், வாட்ஸ்அப் வழியே வரும் பரிந்துரைகளுக்குச் சொல்பவர் பெரும்பாலும் எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்பதில்லை. பதிவு பெறாமல் ஆலோசனை தருபவர்களோடு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்கள் தொடர்பு வைக்க செபி 2024 ஆகஸ்டில் தடை விதித்தது. ஆனாலும், சட்டப் பொறுப்புடன் வெளியிடப்படும் திட்ட ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பொறுப்பற்ற பேச்சோ நல்ல தமிழில் கிடைக்கிறது. தமிழ் மட்டும் அறிந்த ஓய்வூதியருக்கு இது அநீதி. திட்டச் சுருக்கம், செலவு விகிதம், இடர் அளவு ஆகியவற்றைத் தமிழிலும் தருவதைக் கட்டாயமாக்குவதே அடுத்த சீர்திருத்தமாக இருக்க வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு அளவுகோல்கள் திரள்கின்றன. சொல்லப்பட்டது தவறானால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் யார்? சொல்பவருக்குப் பணம் தருவது யார்? அர்பத்நாட்டில் டெபாசிட் போட்டவருக்கும் யூனிட் 64 வாங்கியவருக்கும் இவ்விரண்டுக்கும் விடை காணும் வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது: ஆலோசகரின் பதிவு எண்ணை செபி இணையதளத்திலும், டெபாசிட் வாங்கும் நிறுவனத்தின் அனுமதியை ரிசர்வ் வங்கியின் சாசெட் தளத்திலும், கமிஷனைத் தம் கணக்கு அறிக்கையிலும் எவரும் சரிபார்க்கலாம். ஓய்வுத் தொகைக்கான காசோலையில் கையெழுத்திடும் முன் இம்மூன்றையும் பார்த்துவிடுங்கள். முந்தைய தலைமுறைகள் தம் சேமிப்பை இழந்து நமக்குப் பெற்றுத் தந்த உரிமை இது.