ஃபிளாட் வாங்கப் போறீங்களா? மேல் வீட்டுக் கதவையும் தட்டிப் பாருங்க!

சென்னையில் பழைய ஃபிளாட் பார்க்கப் போனா, புரோக்கர் முதல்ல காட்டுறது பால்கனியையும் மாடுலர் கிச்சனையும்தான். நீங்க கேட்க வேண்டியது, ‘யு.டி.எஸ் எவ்வளவு?’ அதாவது, மனையில் உங்க பேருக்குப் பதிவாகும் பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் வருஷா வருஷம் பழசாகும். விலை ஏறுறது மண்ணுக்குத்தான். ஒரே அளவுள்ள ரெண்டு ஃபிளாட்டில் ஒன்றுக்கு 600 சதுர அடி, இன்னொன்றுக்கு 300 என்றால், ரெண்டும் ஒரே சொத்து இல்லை பாஸ்!

வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துடலாம். புது புராஜெக்ட்னா ரெரா பதிவு எண்ணையும் செக் பண்ணிக்கோங்க.

எந்த இணையதளத்திலும் கிடைக்காத விவரம், அக்கம்பக்கத்து ஆட்கள். கட்டடத்தை இடிச்சுப் புதுசா கட்டணும்னா, முன்பெல்லாம் ஒருத்தர் முரண்டு பிடிச்சாலே வேலை நின்னுடும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சா போதும். அப்பவும் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டியது அதே எதிர் வீட்டு அங்கிளைத்தானே!

அதனால, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் இல்லாம தனியா போங்க. மே மாசம் எத்தனை தண்ணி லாரி வரும், மொட்டைமாடி ஒழுகினா செலவு யாரோடது, மெயின்டெனன்ஸ் பாக்கி எவ்வளவுன்னு மேல் வீட்டில் விசாரிங்க. கார் பார்க்கிங் பேச்சை எடுத்ததும் முகம் மாறுதான்னு கவனிங்க. அப்படியே லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களையும் படிச்சுடுங்க. யாருக்கும் யாருக்கும் சண்டைன்னு அதிலேயே பாதி தெரிஞ்சுடும்.