பயணப் பலா

அன்னாசிக்கு முகலாயர் அவையில் இன்னொரு பெயரும் இருந்தது: கட்ஹலே சபரி. கட்ஹல் என்றால் பலா. சபர் நமக்குத் தெரிந்த சபர்தான். ஆக, பயணப் பலா. இளங்கன்றைச் சட்டியில் வைத்துப் பயணத்தில் கொண்டு போகலாம், அங்கேயும் காய்க்கும், அதனால் இந்தப் பெயர் என்று அபுல் பஸ்ல் ஆயினே அக்பரியில் எழுதுகிறார். பக்கத்தில் விலையும் போட்டிருக்கிறார். அன்னாசி ஒன்று 4 தாம். மாம்பழம் நூறு, கூடினால் 40 தாம். பத்து மாம்பழத்தின் பெறுமதி ஓர் அன்னாசிக்கு.

கொலம்பஸ் 1493இல் குவாதலூப் தீவில் கண்ட பழம் இது. நூறு வருடம் செல்வதற்குள் ஆக்ராவின் அரச மேசைக்கு வந்துவிட்டது. கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கேயர். தென்னமெரிக்கப் பழங்குடியினரின் 'நனாஸ்' அவர்கள் வாயில் 'அனனாஸ்' ஆகி, நமக்கு அன்னாசி, சிங்களத்தில் அன்னாசி, மலாயில் நனாஸ், அரபியில் அனனாஸ் என்று கரையெல்லாம் இறங்கியது. பிறகு ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில், ஆக்ராவின் குல் அப்ஷான் தோட்டத்தில் வருடத்துக்குப் பல ஆயிரம் அன்னாசி விளைவதாகச் சொல்கிறார். சூடான மண் என்பதால் அங்கே பெரிய பாடில்லை.

இங்கிலாந்தில்தான் பாடு. 1668இல் பிரெஞ்சுத் தூதுவருக்கு அளித்த விருந்தில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் பார்படோஸ் அன்னாசியொன்றை வெட்டி, தன் தட்டிலிருந்தே ஒரு துண்டை ஜோன் ஈவ்லினுக்குக் கொடுத்தார். ஈவ்லின் நாட்குறிப்பில் என்ன எழுதினார் தெரியுமா? சொன்ன அளவுக்கு ருசி இல்லையாம்! கப்பலில் கிடந்து வந்த பழம் வேறெப்படி இருக்கும்.

அடுத்த நூற்றாண்டில் பிரபுக்கள் தங்கள் தோட்டத்திலேயே விளைவிக்கத் துணிந்தார்கள். கண்ணாடி வீடு கட்டி, தோல் பதனிட்ட மரப்பட்டைச் சக்கையைக் குழியில் நிரப்பி, அது புளித்து எழுப்பும் சூட்டில் சட்டிகளைப் புதைத்து வைத்தார்கள். ஒரு பழத்துக்கு இரண்டு மூன்று வருடம் காவல். அவ்வளவு செலவழித்த பழத்தை உடனே வெட்ட மனம் வருமா? விருந்து மேசையின் நடுவே நிறுத்திப் பார்த்தார்கள். வசதி குறைந்தவர்கள் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் வந்த பழத்தைக் கடைசியில் யாரோ ஒருவர் வாங்கித் தின்றார். அந்த நேரம் அது அழுகத் தொடங்கியிருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் அசோர்ஸ் தீவுகளிலிருந்து அன்னாசியைக் குவித்தன. அதோடு அந்த மவுசு போய்விட்டது. விருந்து மேசையின் நடுவிடம் ருசிக்குக் கிடைப்பதில்லை, தூரத்துக்குத்தான் கிடைக்கிறது என்று எனக்குப் படுகிறது. நம்முடைய மேசையைப் பார்த்த பிறகு இன்னும் உறுதி.

சென்ற வருடம் உறவுக் கலியாணமொன்றில் பழமேசை அலங்கரித்த பையனோடு மண்டபத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கைவேலைக்காரன்தான். வத்தகப்பழத்தில் மாப்பிள்ளை, பெண் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கினான். அப்பிள் துண்டு கறுக்காமல் இருக்க உப்புத்தண்ணியில் போட்டு எடுத்தான். இரண்டு அன்னாசியின் அடியைத் தட்டையாக வெட்டி நிமிர்த்தி, உடம்பெல்லாம் குச்சி குத்தி, அதில் முந்திரிகையும் அப்பிளும் கோத்தான்.

"அன்னாசிய வெட்டி வைக்கல்லயா தம்பி?"

"அது சும்மா தாங்குறதுக்குத்தானே நானா. அப்பிளும் முந்திரிகையும்தான் படத்துக்கு வடிவு."

பையனைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டார் கேட்டதைத்தான் செய்கிறான். பப்பாசியும் கொய்யாவும் மேசைப் பக்கமே வரவில்லை. கதலிச் சீப்பு ஒன்று பின்னுக்கு மறைந்திருந்தது. வத்தகப்பழத்தின் எழுத்தை உடைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. இரவு, குச்சி குத்திய இரண்டு அன்னாசியும் குப்பைப் பைக்குள் போயின. இஸ்ராப் பற்றி ஜும்ஆவில் கேட்கத்தான் செய்கிறோம், அதை இங்கே நான் நீட்டவில்லை. எனக்கு உறைத்தது வேறு. இங்கிலாந்தில் எந்தத் தோட்டத்திலும் காய்த்துக் கிடந்த அப்பிள் இங்கே ராஜாவாகி, ஒரு காலம் அவர்கள் வாடகைக்கு எடுத்த பழம் அதற்கு முட்டுக் கொடுக்கிறது.

ஒரு சஹனில் ஐந்தாறு பேர் கைபோட்டுத் தின்னும் ஊர் நம்முடையது. நம் சபையில் பழம் பார்வைக்கு மட்டும் நிற்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்னாசியைத் தலையோடு நெடுக்காக நான்காகப் பிளந்து, சதையைத் துண்டு போட்டு அதே தோலின் மேல் அடுக்கினால் படத்துக்கும் வடிவு, கைக்கும் எட்டும்.

கம்பஹாவிலும் குருநாகலிலும் தென்னைக்குக் கீழே ஊடுபயிராக நிற்கும் நம் அன்னாசி வகைக்கு முருசி என்று பெயர். மொரீஷியஸ்தான் அப்படித் திரிந்து நிற்கிறது. மேசைக்கு வைத்த பழத்தின் தலையைத் திருகி எடுத்து நட்டாலும் முளைக்கும். காய்க்க ஒன்றரை, இரண்டு வருடம் செல்லும். அபுல் பஸ்ல் சொன்ன சட்டியே போதும்.