சம்பத், ஈ. வெ. கி. (1926–1977)

தமிழ்நாட்டு அரசியல் தலைவர். ‘சொல்லின் செல்வர்’ எனப் புகழ்பெற்ற மேடைப் பேச்சாளர். பெரியார் ஈ. வெ. ராமசாமியின் தமையனார் கிருஷ்ணசாமியின் புதல்வராக 1926 மார்ச் 5ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தார். இளமையிலேயே திராவிடர் கழகத்தில் பிரவேசித்து, சிறிய தகப்பனாரின் அரசியல் வாரிசு எனப் பலராலும் கருதப்பட்டவர். எனினும் 1949இல் பெரியாரின் திருமணத்தையொட்டி எழுந்த அபிப்பிராய பேதத்தில், உறவையும் உரிமையையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அண்ணாதுரையுடன் வெளியேறித் திராவிட முன்னேற்றக் கழகத்தை ஸ்தாபித்த ஐம்பெருந்தலைவர்களுள் ஒருவரானார்.

அக்கழகம் முதன்முதலாகப் போட்டியிட்ட 1957 பொதுத் தேர்தலில் 15 பேர் சட்டமன்றம் புகுந்தனர். பாராளுமன்றத்துக்குச் சென்றவரோ இருவரே. நாமக்கல்லிலிருந்து சம்பத்தும், திருவண்ணாமலையிலிருந்து இரா. தர்மலிங்கமும் அவ்விருவர். டில்லியில் சம்பத்தின் வாதத்திறன் மதிப்புப் பெற்றது. 1960இல் மொழிப் பிரச்சினை தீவிரமடைந்தபோது, ஹிந்தி திணிக்கப்படமாட்டாது என்னும் உறுதிமொழியைப் பிரதமர் நேரு அவருக்கே கடித மூலம் அளித்தார்.

திராவிட நாடு என்னும் தனிநாட்டுக் கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற முடிவுக்கு வந்த சம்பத், கழகத்தில் சினிமாக் கவர்ச்சியின் செல்வாக்கு மிகுவதையும் கண்டித்து, 1961 ஏப்ரலில் அதனின்று விலகினார்; கவிஞர் கண்ணதாசன் முதலியோர் துணையுடன் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். 1962 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை, சம்பத்தும் தோல்வியுற்றார். ஆயினும், சீனப் படையெடுப்புக்கும் பிரிவினையைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கும் பின்னர், 1963இல் திராவிட முன்னேற்றக் கழகமே தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட நேர்ந்தது. அடுத்த ஆண்டு சம்பத் தம் கட்சியைக் காங்கிரசுடன் இணைத்தார். 1967இல் அவர் துறந்துவந்த கழகம் ஆட்சிபீடம் ஏறிற்று. அவர் சேர்ந்த காங்கிரஸ் வீழ்ந்தது. 1977 பிப்ரவரி 23ஆம் தேதி அவர் காலமானார். பின்னாளில் மனைவி சுலோசனா அ.தி.மு.க.விலும், மைந்தர் இளங்கோவன் காங்கிரசிலும் பிரமுகர்களாக விளங்கினர்.

பிரிட்டனில் 1904இல் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு லிபரல் அணிக்குச் சென்ற வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு அடுத்த ஆண்டிலேயே அரசாங்கப் பதவி வாய்த்தது. சம்பத்துக்கோ ஒவ்வொரு மாற்றமும் ஒரு நஷ்டத்தையே தந்தது. பதவி பேரத்தால் நிகழும் கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் சட்டம் இயற்றவேண்டிய நிலைக்கு வந்த தேசத்தில், கொள்கையை முன்னிட்டுக் கட்சி மாறி, அதற்குரிய விலையைத் தாமே செலுத்திய தலைவர் வரிசையில் சம்பத்துக்கு உயரிய ஸ்தானம் உண்டு.