வயலிலிருந்து வசைக்கு: ‘வில்லன்’ என்னும் சொல்லின் ஐரோப்பிய வரலாறு

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் பார்ப்போருக்கு ‘வில்லன்’ என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கதைநாயகனுக்குத் தீங்கு இழைப்பவன் வில்லன். ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்த இச்சொல், தன் இலத்தீன் மூலத்தில் தீயவனைக் குறிக்கவில்லை. பண்ணையைச் சார்ந்து வாழ்ந்தவனையே குறித்தது. உழைப்பாளியின் பெயர் கொடியவனின் பெயரானது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்கின்றோம். இச்சொல்லின் பொருள் தாழ்ந்தமைக்குக் காரணம், அதனால் சுட்டப்பட்டோரின் இயல்பன்று. அதனைக் கையாண்டோரின் சமுதாய நிலையே என்பது நம் கருத்து.

பண்ணையும் அரசவையும்

இலத்தீனில் ‘வில்லா’ என்பது நாட்டுப்புறப் பண்ணை வீட்டையும் அதனைச் சார்ந்த தொழுவம், களஞ்சியம் முதலியவற்றையும் குறித்தது. கேட்டோ, வாரோ ஆகியோரின் வேளாண்மை நூல்கள் இத்தகைய பண்ணைகளை விரிவாகப் பேசுகின்றன. பிரெஞ்சு மொழியில் நகரத்தைக் குறிக்கும் ‘வில்’ என்னும் சொல்லும், ஆங்கிலத்தில் சிற்றூரைக் குறிக்கும் ‘வில்லேஜ்’ என்னும் சொல்லும் இதன் வழிவந்தவையே. பிற்கால இலத்தீனில் ‘வில்லா’வோடு ‘ஆனுஸ்’ என்னும் விகுதி சேர்ந்து ‘வில்லானுஸ்’ பிறந்தது. பண்ணையைச் சார்ந்தவன் என்பதே அதன் நேர்ப்பொருள்.

இது பழைய பிரெஞ்சில் ‘விலேன்’ என்றானது. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் அரசவை சார்ந்த இலக்கியம் வளர்ந்தபோது, ‘கூர்த்துவா’ என்னும் பண்பட்ட அவையோனுக்கு எதிர்நிலையில் இச்சொல் வைக்கப்பட்டது. ஈகையும் இன்சொல்லும் அவையோனுக்கு உரியன. கஞ்சத்தனமும் முரட்டுத்தனமும் உழவனுக்கு உரியன என்று வகுக்கப்பட்டன. மலிவானது, இழிந்தது என்னும் பொருளுடைய ‘விலிஸ்’ என்ற மற்றோர் இலத்தீன் சொல்லின் ஒலியொப்புமையும் இத்தாழ்வுக்குத் துணைசெய்தது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அரசவையைக் குறிக்கும் ‘கூர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லும் பண்ணையிலிருந்தே புறப்பட்டது. அதன் மூலமான ‘கோஹோர்ஸ்’ என்னும் இலத்தீன் சொல் தொடக்கத்தில் வேலியிட்ட பண்ணை முற்றத்தைக் குறித்தது. ஒரே பண்ணையிலிருந்து புறப்பட்ட இரு சொற்களுள் ஒன்று அரியணையை அடைந்தது, மற்றொன்று வசையாயிற்று.

இங்கிலாந்தில் நிலையும் வசையும்

1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். 1086ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலக்கணக்கில் ‘வில்லானி’ எனப் பதிவானோர், பதிவு பெற்ற மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர். அங்கு அச்சொல் வசையன்று. குடியானவனைச் சுட்டும் கணக்குச் சொல்லே. பின்னர் வந்த நூற்றாண்டுகளில் சட்டம் இறுகியது. நிலக்கிழாருக்குக் கூலியின்றி உழவேண்டும். மகளை மணமுடித்துக் கொடுக்கவும் அவருக்குப் பணம் கட்டவேண்டும். நிலம் பற்றிய வழக்கில் அவருக்கு எதிராக அரச நீதிமன்றத்தை நாட இயலாது. பிறர் முன்னிலையில் உரிமையுடையவன், தன் கிழார் முன்னிலையில் உரிமையற்றவன் என்பதே அவனது நிலை.

1381ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் இந்நிலையை ஒழிக்கவேண்டும் என்பது மக்களின் தலையாய கோரிக்கை. சூன் 14ஆம் நாள் மைல் எண்ட் என்னுமிடத்தில் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் அதற்கு இசைந்து உரிமைப் பட்டயங்களும் வழங்கினார். அடுத்த மாதமே அவை திரும்பப் பெறப்பட்டன. அடுத்த இரு நூற்றாண்டுகளில் அடிமைநிலை மெல்லத் தேய்ந்து மறைந்தது. வசை மறையவில்லை. அறிஞர் பிற்காலத்தில் எழுத்து வேறுபாடு கொண்டு சட்டநிலையை ஒரு சொல்லாகவும் வசையை மற்றொரு சொல்லாகவும் பிரித்தனர், வேர் ஒன்றே.

சேக்சுபியர் தம் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் இவ்விரு பொருளையும் மோதவிடுகின்றார். அண்ணன் இச்சொல்லால் தம்பியைத் தீயவன் என்று ஏசுகின்றான். தம்பியோ அதனைக் குடிப்பிறப்பில் தாழ்ந்தவன் என்னும் பொருளில் கொண்டு, தன் தந்தையின் பெயரைச் சொல்லி மறுக்கின்றான். இரு பொருளும் அன்றைய அவையினருக்கு விளங்கின என்பதற்கு இது சான்று.

பிற மொழிகளில்

இத்தாலியத்தில் ‘வில்லானோ’ நயமற்றவன். இன்றைய பிரெஞ்சில் ‘விலேன்’ அழகற்றது என்றும், குறும்பு செய்யும் குழந்தை என்றும் பொருள்படும். இசுபானியத்தில் ‘வில்லானோ’ ஊரான், இழிந்தவன் என்னும் இரு பொருளையும் தாங்குகின்றது. எனினும் லோப்பே டி வேகா, ‘எல் வில்லானோ என் சு ரின்கோன்’ என்னும் நாடகத்தில், அரசனையும் காண விரும்பாத மனநிறைவுடைய உழவனைப் பெருமைப்படுத்துகின்றார். நாட்டுப்புறப் பாடலைக் குறித்த ‘வில்லான்சிக்கோ’ இன்று கிறித்துமசுப் பாடலைக் குறிக்கின்றது. உழவனைப் பழித்த மொழி அவன் பாட்டை வைத்துக்கொண்டது.

இலத்தீன் வேர் இல்லாத இடத்திலும் இதே போக்கு உண்டு. செருமானியத்தில் ஊரானைக் குறித்த ‘டோர்ப்பர்’ என்னும் சொல் திரிந்து, மந்தமானவனைக் குறிக்கும் ‘டோல்பெல்’ ஆயிற்று. எனவே இத்தாழ்வு ஒரு வேர்ச்சொல்லின் விதியன்று. சமுதாயப் பார்வையின் விளைவு.

தமிழில் வில்லன்

தமிழுக்கு வந்த ‘வில்லன்’ முற்றிலும் தமிழ்க்கோலம் பூண்டுள்ளது. ஈற்றிலுள்ள ‘அன்’ ஆண்பால் விகுதியாகக் கொள்ளப்பட்டதால் ‘வில்லி’ என்னும் பெண்பாற் சொல்லும், ‘வில்லத்தனம்’ என்னும் பண்புப்பெயரும் தோன்றின. வில்லேந்தியவனைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லாகிய ‘வில்லி’யோடு இதற்கு ஒலியொப்புமையன்றி வேறு தொடர்பில்லை. ஒலியொப்புமையை வேரெனக் கொள்ளும் தவற்றை மாணவருக்கு விளக்க இஃது ஏற்ற சான்றாகும்.

முடிவுரை

இடைக்கால ஐரோப்பாவில் எழுதுகோல் பெரும்பாலும் திருச்சபையார் கையிலும் அரசவையார் கையிலும் இருந்தது. உழவன் தன்னைப் பற்றித் தானே எழுதியது மிகக் குறைவு. ஆகவே அகராதி பதிந்து வைத்திருப்பது அவனுடைய குணத்தையன்று. அவனைப் பற்றிப் பிறர் சொன்னதை. நம் மொழியிலும் ‘நாகரிகம்’ நகரத்தின் பெயரால் வழங்குகின்றது. ‘பட்டிக்காட்டான்’ ஏச்சாக வழங்குகின்றது. சொற்பிறப்பைக் கற்பிக்கும்போது வேரை மட்டும் காட்டி நிறுத்தாமல், ஒரு சொல்லை யார், யாரை நோக்கிச் சொன்னார் என்னும் வினாவையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். அவ்வினாவே சொல்லாராய்ச்சியை வரலாற்றாராய்ச்சியாக உயர்த்தும் எனலாம்.