உரோமர் காலச் சேண அணிகள்

உரோமர் காலச் சேண அணிகள் என்பவை படைக்குதிரைகளின் தோல்வார்களில் பொருத்தப்பட்ட சிறு உலோக வேலைப்பாடுகள்: வட்டத் தகடுகள், அவற்றில் தொங்கும் பதக்கங்கள், வார்முனைகள், குமிழ்கள். ரைன் ஆற்றங்கரை முகாம்களிலும் பிரிட்டனிலும் இவை நிறையக் கிடைத்துள்ளன. இலை, பிறை, கண்ணேறு கழிக்கும் ஆண்குறி ஆகிய வடிவங்கள் அதிகம். வெறும் அலங்காரம் என்று இவற்றை ஒதுக்க முடியாது. வட்டத் தகட்டின் பின்புற வளையங்களில்தான் வார்கள் ஒன்றுகூடும். ஆனால் வார்களை இணைக்க ஓர் இரும்பு வளையமே போதும். அதற்கு மேல் செலவழித்தது யார் என்பதுதான் கேள்வி. அரசு வழங்கிய தளவாடம் என்பதைவிட, வீரனின் சொந்தச் சொத்து என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

முதல் நூற்றாண்டு அணிகள் பெரும்பாலும் பித்தளை. செம்பைத் துத்தநாகத் தாதுவோடும் கரியோடும் மூடிய மூசையில் சூடாக்கினால், ஆவியாகும் துத்தநாகம் செம்பில் கலந்துவிடும். அந்தப் பித்தளையின் மேல் வெள்ளி முலாம். அதில் வெட்டிய கோடுகளில் கருநிறக் கந்தகக் கலவை. செம்புப் பாண்டங்களுக்கு வெள்ளீயம் பூசுவது கால் (Gaul) நாட்டவர் கண்டது என்றும், பிறகு அங்குள்ள அலேசியா நகரில் குதிரை அணிகளுக்கு வெள்ளியே பூசத் தொடங்கினர் என்றும் உரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். அவர் ஜெர்மானிய எல்லையில் குதிரைப்படைத் தலைவராக இருந்தவர். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஜெர்மனியின் சாந்தனில் கிடைத்த சேணத் தொகுதியின் தகடு ஒன்றில், ‘குதிரைப்படைத் தலைவர் பிளினி’ என்று புள்ளிகளால் பெயர் பொறித்திருக்கிறது. அது இவரே என்பது பெரும்பாலோர் கருத்து.

தலைவர் பெயர் இருப்பதால் அது அரசுப் பொருள்தானே என்று கேட்கலாம். தலைவர் பெயர் படைப்பிரிவைக் காட்டுகிறது, அவ்வளவே. அதே தொகுதியில் வேறு பெயர்களும் உண்டு. கடையில் வாங்கிய எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல, செய்து முடித்த பொருளில் பின்னர் பொறித்தவை இவை. அரசுப் பொருளிலும் கைமாறாமலிருக்கப் பெயர் இடலாமே என்றால், அந்த ஐயத்தைப் பெயர்களால் மட்டும் தீர்க்க முடியாதுதான். ஆனால் உரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் இருக்கிறார். உடைக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் தங்கள் சம்பளமே போகிறது என்று கி.பி. 14-இல் கலகம் செய்த வீரர்கள் குமுறியதை அவர் பதிவு செய்கிறார். கி.பி. 69-இல் விட்டெல்லியஸ் பேரரசராக அறிவிக்கப்பட்டபோது, ரைன் படையின் சாதாரண வீரர்கள் பணத்துக்குப் பதிலாக அவர் தரப்புக்குக் கச்சைகளையும் பதக்கத் தகடுகளையும் வெள்ளி வேலைப்பாடுள்ள ஆயுத அணிகளையும் கொடுத்தார்கள் என்கிறார். சாந்தனும் அதே ரைன் எல்லையில்தான் உள்ளது. டாசிடஸ் குறிப்பிடும் தகடுகள் மார்பில் அணியும் வீரப் பதக்கங்களாக இருக்கலாம் என்பது நியாயமான மறுப்பு. அப்படியே ஆனாலும் கச்சை இருக்கிறதே! அரசுக்குச் சொந்தமானதை ஒருவன் நன்கொடையாகக் கொடுத்திருக்க மாட்டான்.

வெகுதூர முகாம்களிலும் ஒரே மாதிரி அணிகள் கிடைப்பதை எதிர்வாதமாகச் சொல்வார்கள். படைகள் இடம் மாறின, கைவினைஞர்களும் பாணியும் கூடவே சென்றன. ஒற்றுமைக்கு அரசு ஆணை தேவையில்லை. இவை சொத்து என்றால், மெல்லிய முலாமை உருக்கினால் என்ன கிடைக்கும் என்பது இன்னும் கூர்மையான கேள்வி. மிகச் சொற்பமே. ஆனால் அதன் மதிப்பு எடையில் மட்டும் இல்லை. தவறு செய்த நூற்றுவர் தலைவர்களைப் பேரரசர் அகஸ்டஸ் கச்சையின்றி நாள் முழுவதும் நிற்க வைத்தார் என்று அவரது வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். படைவீரனின் மானமே இத்தகைய அணிகளில் இருந்தது. எனவே இவற்றை ஆயுதங்களோடு வைத்துப் படிப்பதைவிட, நகைகளோடும் நாணயங்களோடும் வைத்துப் படிப்பதே சரி.