நூல் அலசிய தண்ணீர்

பருத்தி நூல் அவ்வளவு சீக்கிரம் நனையாது. மில்லிலிருந்து வந்த சிட்டா நூலை அப்படியே தொட்டியில் போட்டால் பெரும்பகுதி மேலேயே மிதக்கும். பஞ்சின் மீது இயற்கையாகவே படிந்திருக்கும் மெழுகுதான் காரணம். அந்த மெழுகு போகாமல் சாயம் ஏறாது. ஏறினாலும் திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடாவோடு ‘சோப்பு ஆயில்’ என்று கேனில் வரும் வழவழப்பான திரவத்தையும் கொஞ்சம் ஊற்றுவார்கள். சற்று நேரத்தில் மிதந்துகொண்டிருந்த நூல் கனத்துப்போய்த் தொட்டியின் அடியில் இறங்கும். சாயம் ஏறிய பிறகு, ஒட்டாத சாயத்தை எடுக்க வெந்நீரில் மறுபடியும் சோப்பு ஆயில் அலசல். அந்த அலசல் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கதை.

ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தம் ஓயாது. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று சுற்றிலும் தறி ஊர்கள். எல்லை தாண்டி ஆந்திராவுக்குள் போனால் நகரியிலும் அதே சத்தம். பாவு ஓட்டுகிறவர், தார் சுற்றுகிறவர், தறி ஓட்டுகிறவர் என்று வீட்டுக்கு வீடு இந்தத் தொழிலில்தான் அடுப்பு எரிகிறது. நூல் எந்த ஊரில் சாயம் ஏறி வந்தாலும் அலசப்படாமல் தறிக்கு வருவதில்லை. நெய்த லுங்கி வீட்டுக்குப் போன பிறகும் அலசல் நிற்பதில்லை. புது லுங்கியை முதல் தடவை பக்கெட்டில் ஊறப்போடும்போது கஞ்சியும் சாயமும் கரைந்து வரும். அவற்றோடு, கண்ணுக்குத் தெரியாமல், பழைய சோப்பு ஆயிலின் மிச்சமும் வரும்.

அந்த ஆயிலில் பல காலமாக உலகெங்கும் சேர்க்கப்பட்டுவந்த ஒரு பொருளின் பெயர் நோனைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட். பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ஃபீனாலோடு ஒன்பது கார்பன் கொண்ட நோனீனைச் சேர்த்தால் நோனைல்ஃபீனால் கிடைக்கும். அதில் எத்திலீன் ஆக்ஸைடை வால்போல் தொடுத்தால் சோப்புக் குணம் வந்துவிடும். ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். 1940-களில் சந்தைக்கு வந்தபோது இதை வரவேற்காத தொழில் இல்லை. விலை மலிவு. சாதாரண சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீரிலும் வேலை செய்யும். துணி, தோல், காகிதம், பெயின்ட், பூச்சிமருந்து, வீட்டு டிடர்ஜென்ட் என்று போகாத இடமில்லை.

பட்டறையை விட்டு வெளியேறிய பிறகுதான் இதற்கு இரண்டாவது பிறவி. சாக்கடையிலும் சுத்திகரிப்புத் தொட்டியிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த நீண்ட வாலைத் தின்றுவிடும். ஃபீனால் தலையை அவற்றால் எளிதில் தின்ன முடியாது. பொதுவாக ஒரு வேதிப்பொருள் சிதையச் சிதைய அதன் நஞ்சு குறையும் என்று நினைத்து நிம்மதி அடைகிறோம். இங்கே நடப்பது நேர்மாறு. வால் போக மிஞ்சும் நோனைல்ஃபீனால் தண்ணீரில் அதிகம் கரையாது, கொழுப்பில் கரையும். எனவே அது தண்ணீரில் மிதந்து போகாமல் சேற்றில் ஒட்டிக்கொள்கிறது, சேற்றைக் கிளறித் தின்னும் உயிர்களின் உடலில் ஏறுகிறது. காற்றுப் புகாத கருஞ்சேற்றில் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலத்தில் விழும் தண்ணீருக்குப் போக்கிடம் ஏரிகள். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் ஓடை. ஓடைகள் எல்லாம் சேர்வது கொசஸ்தலை ஆற்றுப் படுகையில். அந்த ஆறு போய்த் தேங்குமிடம் பூண்டி, 1944-இல் திறக்கப்பட்டு சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் நீர்த்தேக்கம். அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. மிஞ்சிய வெள்ளம் எண்ணூரில் கடலைத் தொடும். இந்தப் படுகையில் எந்த ஊர்க் கால்வாயில் இறங்கும் அலசல் தண்ணீருக்கும் இதுதான் பாதை. வழியில் இருக்கும் ஒவ்வொரு ஏரிச் சேறும் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஏரி மீன் வாங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “சினை இருக்கா?” கெண்டையின் வயிற்றை அரிவாள்மனையில் கீறியதும் மஞ்சளாகப் பிதுங்கி வரும் சினைக்காகவே கூடுதல் காசு கொடுப்பவர்கள் உண்டு. அந்த மஞ்சள் நிறப் பொருள் சினைப்பையிலேயே உருவானதல்ல. பெண் மீனின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது அதன் ஈரல் விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைச் செய்யத் தொடங்குகிறது. அது ரத்தத்தில் கலந்து சினைப்பைக்குப் போய் முட்டைக்குள் கருவாகச் சேர்கிறது. ஆண் மீனின் ஈரலிலும் அதைச் செய்வதற்கான மரபணு இருக்கிறது. ஆனால் தூண்டிவிட ஆள் இல்லாததால் வாழ்நாள் முழுவதும் சும்மா கிடக்கும்.

சும்மா கிடக்கும் அந்த மரபணுவை நோனைல்ஃபீனால் தூண்டிவிடுகிறது. உடலில் ஈஸ்ட்ரோஜன் வந்து உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்காருகிறது. அசல் ஈஸ்ட்ரோஜனின் வலுவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை. ஆனாலும் மீன் இந்தத் தண்ணீரிலேயே பிறந்து, இதையே செவுளால் குடித்து வளர்கிறது. அதற்குத் தப்பிக்க இடமில்லை. ஆண் மீனின் ஈரல் முட்டைக் கருப் புரதத்தைச் செய்து ரத்தத்தில் கொட்டுகிறது. வாங்கிக்கொள்ளச் சினைப்பை கிடையாது. புரதம் சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. விந்துப்பை வளர்ச்சி குன்றுகிறது. குஞ்சுப் பருவத்திலேயே பாதிக்கப்பட்டால் விந்துப்பைக்குள்ளேயே முட்டைகள் தோன்றுகின்றன. வெளியே பார்த்தால் மீன் நன்றாகத்தான் இருக்கும். செத்து மிதக்காது. கரையில் நிற்பவர் சந்தேகப்பட ஒன்றும் இருக்காது. வருஷா வருஷம் குஞ்சு குறையும், அவ்வளவுதான்.

ஹார்மோன் எவ்வளவு சிறிய அளவில் மீனை ஆட்டிவைக்கும் என்பது நம் நாட்டு மீன் வளர்ப்புக்கு அன்னியமான பாடம் அல்ல. ரோகுவும் கட்லாவும் தேங்கிய குளத்தில் முட்டையிடாது. ஆற்று வெள்ளம் வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுஞ்ஞியும் மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் குளத்து மீன்களை முட்டையிட வைத்தார்கள். ஜூலை 10 இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். நம் ஏரிகளில் விடப்படும் குஞ்சுகள் அந்த ஊசியின் வாரிசுகள். சுரப்பிச் சாறு துளியளவுதான். ஒரு நாட்டின் மீன் உற்பத்தியே மாறிப்போனது. அதே நுட்பமான உடலுக்குள்தான் அலசல் தண்ணீரும் நுழைகிறது.

நோனைல்ஃபீனாலின் இந்தக் குணம் தெரியவந்த விதமும் ஒரு பயணம்தான். இங்கிலாந்தின் லீ ஆற்றுப் பக்கம் கழிவுநீர்க் குட்டைகளில் தூண்டில் போட்டவர்கள் 1970-களின் கடைசியில் ஆணும் பெண்ணும் கலந்த ரோச் மீன்களைக் கண்டார்கள். காரணம் புரியவில்லை. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பாஸ்டனில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் பெருகக் கூடாத செல்கள், ஈஸ்ட்ரோஜன் ஊற்றாத குழாயிலும் பெருகின. மாதக்கணக்கில் தேடிய பிறகு பிளாஸ்டிக் குழாய்தான் குற்றவாளி என்று தெரிந்தது. உற்பத்தி செய்த நிறுவனம் சேர்மானத்தைச் சொல்ல மறுத்துவிட்டது. இருவரும் தாங்களே பிரித்துப் பார்த்து, கசிந்தது நோனைல்ஃபீனால் என்று 1991-இல் வெளியிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து சூசன் ஜோப்ளிங்கும் ஜான் சம்ப்டரும் டிரவுட் மீனின் ஈரல் செல்களில் அதே பொருளைச் சோதித்தார்கள். செல்கள் முட்டைக் கருப் புரதத்தைச் செய்தன.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது யார்க்‌ஷயரின் ஏர் ஆறு. அதுவும் தறி நாடுதான். நம்முடையது பருத்தி, அவர்களுடையது கம்பளி. ஆட்டு ரோமத்தின் பிசுக்கை அலச மில்கள் இதே சோப்பைக் கொட்டின. கூண்டில் வைத்து ஆற்றில் இறக்கிய ஆண் டிரவுட் மீன்களின் ரத்தத்தில் பெண் புரதம் ஏறியது, விந்துப்பை சிறுத்தது. பிறகு மில்கள் சோப்பை மாற்றின. ஆல்கஹால் எத்தாக்ஸிலேட் என்ற வேறு வகை. சில ஆண்டுகளில் மறுபடி மீன்களை இறக்கிச் சோதித்தபோது அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது.

பாதிப்பு ஒரு மீனோடு நிற்குமா, கூட்டத்தையே அழிக்குமா என்று கேட்டவர்களுக்குக் கனடாவில் பதில் கிடைத்தது. ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஒரு ஏரியில் கேரன் கிட் குழுவினர் 2001 முதல் மூன்று கோடைகள் கருத்தடை மாத்திரையின் செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். அந்த ஏரியின் சிறு மீன் இனம் ஏறத்தாழ அழிந்தே போனது. அது நோனைல்ஃபீனாலைவிடப் பல மடங்கு வலுவான பொருள் என்பது உண்மை. ஆனால் ஏரியில் அவை தனித்தனியாக வருவதில்லை. ஊர்ச் சாக்கடையில் மனித ஹார்மோனும் மாத்திரையும் சோப்பும் ஒன்றாகவே வருகின்றன.

தமிழ்நாட்டில் இந்தப் பொருளின் தடம் பதிவாகியிருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பாபு ராஜேந்திரன் ராமசாமி குழுவினர் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் இந்த வகைப் பொருள்களை அளந்து 2014-இல் வெளியிட்டார்கள். டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2019-இல் கடைகளில் விற்கும் டிடர்ஜென்ட்டிலும் ஆற்று நீரிலும் இருப்பதைக் காட்டியது. ஆனால் சாயத் தண்ணீர் பற்றி நாம் நடத்திய சண்டையெல்லாம் வேறு கணக்கில் நடந்தது. நொய்யல் ஆற்றில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்க் கழிவின் தொட்டியானது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அந்தப் போராட்டம் உப்பையும் நிறத்தையும் பற்றியது. விவசாயிகள் கண்ணால் பார்த்த சேதம் அது. அவர்கள் போராடியிருக்காவிட்டால் எதுவும் அசைந்திருக்காது. நோனைல்ஃபீனாலுக்கோ நிறமில்லை. டி.டி.எஸ். (கரைந்த உப்பு), பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) என்று வழக்கமாகப் பார்க்கும் சோதனைகளில் அது பெயர் சொல்லி அகப்படாது. தெளிந்த தண்ணீரிலும் இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் துணித் தொழிலில் இதைக் கட்டுப்படுத்தியது 2003-இல். பிறகு தங்கள் ஆற்றில் இது இன்னும் ஏன் வருகிறது என்று தேடினார்கள். இறக்குமதித் துணியை வீட்டில் துவைக்கும்போது வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2021 பிப்ரவரி 3 முதல், துவைக்கக்கூடிய துணியில் எடையில் 0.01 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே விற்கக் கூடாது. உடுத்துகிறவர் தோலுக்காக அல்ல, துவைத்த தண்ணீர் போய்ச் சேரும் ஆற்று மீனுக்காக அந்தச் சட்டம். துணியில் ஒட்டிக்கொண்டு கடல் கடந்த மிச்சத்துக்கே அங்கே இவ்வளவு கவனம். முதல் அலசலின் பெரும்பங்கு இறங்கியதோ இந்தப் பக்கத்துத் தண்ணீரில். ஏற்றுமதித் துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் ‘ஏ.பி.இ.ஓ. ஃப்ரீ’ (இந்த வகைச் சோப்பு இல்லாதது) என்று எழுதிய கேனைக் கேட்டு வாங்குகிறார்கள். உள்ளூர்ச் சந்தை லுங்கிக்கு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நம் கெண்டைக்கும் ஐரோப்பிய மீனுக்கும் ஈரலின் வேலை ஒன்றுதான். பட்டறைக்காரர் மேல் பழி போட்டுப் பயனில்லை. அவர் விலையைப் பார்த்து வாங்குகிறார். ஏற்றுமதிக்கு ஒரு சோப்பு, உள்ளூருக்கு ஒரு சோப்பு என்ற வேறுபாட்டை அரசு சட்டத்தால் எடுக்க வேண்டும். அப்போது இரண்டு கேனின் விலையும் தானாக நெருங்கும்.

இந்தப் பொருளுக்கும் முடிவு உண்டு. கோடையில் ஏரி வற்றும்போது அனுமதி வாங்கி வண்டல் அள்ளி வயலில் அடிக்கிறார்கள். கருஞ்சேறு வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து, உழவில் புரண்டு, மண்ணின் பாக்டீரியாவோடு கலக்கிறது. ஏரியடியில் காற்றில்லாமல் பல ஆண்டுகள் சிதையாத நோனைல்ஃபீனால், காற்றோட்டமுள்ள மண்ணில் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சிதைந்துவிடும். சாயத் தண்ணீர் இறங்கும் ஏரியில் வண்டல் அள்ளும் முன் ஒரு பிடியைச் சோதனைக்கு அனுப்பினால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்கான கருவி தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலேயே இருக்கிறது. காவிரி நீரை அளந்தது அதே வகைக் கருவிதான். புது வரவு நின்ற ஏரியில், மேல் சேற்றைச் சில கோடைகள் அள்ளினால் பழைய இருப்பும் குறையும்.