ஒலியும் மௌனமும்: ‘எம்’ திரைப்படத்தின் தொடக்கக் காட்சிகள்

பேசும்படம் தோன்றிய காலத்தில் ஒலி என்பது பெரும்பாலும் உரையாடலாகவும் பாடலாகவுமே விளங்கிக்கொள்ளப்பட்டது. ஒலியையே பொருள் தரும் கூறாக மாற்றிய தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்று, ஜேர்மன் நெறியாளர் பிறிட்ஸ் லாங்கின் முதலாவது பேசும்படமான ‘எம்’ ஆகும். 1931 மே 11 இல் அது பேர்லினில் முதன்முதல் திரையிடப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 50 இலட்சத்தை அண்மித்திருந்த நாட்டில், குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றி எழுந்த படம் அது. அதன் முதற் சில நிமிடங்களையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

படம் இருளில் தொடங்குகின்றது. உருவம் தோன்றுமுன் ஒரு சிறுமியின் குரல் கேட்கின்றது. பின்னரே, மேலிருந்து கீழ்நோக்கும் கமராவினூடாக, தொழிலாளர் குடியிருப்பொன்றின் முற்றத்தில் வட்டமாக நிற்கும் பிள்ளைகளைக் காண்கின்றோம். அவர்களது விளையாட்டுப் பாட்டின் பொருளே கொலைகாரன்தான். சலவைக் கூடையைச் சுமந்துவரும் பெண்ணொருத்தி அதட்டுகின்றாள்; அவள் அகன்றதும் பாட்டு மீண்டும் எழுகின்றது. அவளிடம் கூடையைப் பெற்றுக்கொள்ளும் எல்சியின் தாயோ, பாட்டுக் கேட்கும்வரை பிள்ளைகள் இருக்கின்றார்கள் என்றாவது அறியலாமே என்கின்றாள். சாதாரணப் பேச்சாக வந்துபோகும் இக்கூற்றே பின்வரும் அனைத்திற்கும் திறவுகோல். ஒலி உயிர்ப்பின் சான்றெனின், மௌனம் எதன் சான்று?

நண்பகல் மணி அடிக்கின்றது. தாய் முகம் மலர்ந்து கையைத் துடைத்து உணவுக்கு ஆயத்தஞ் செய்கின்றாள். எல்சி தனியே வீடு திரும்புகின்றாள். அவள் பந்தை எறிந்து விளையாடும் விளம்பரத் தூணிலே, கொலைகாரனைக் கண்டுபிடிக்க உதவுவோர்க்கு 10,000 மார்க் என்னும் அறிவித்தல் ஒட்டப்பட்டுள்ளது. அதன்மீது ஒரு நிழல் விழுகின்றது. நிழல் பேசுகின்றது, முகம் காட்டப்படவில்லை. அம்மனிதன் கண்பார்வையற்ற வியாபாரியிடம் பலூன் வாங்கும்போது, கிறீக்கின் இசைத்துண்டொன்றைச் சீழ்க்கையடிக்கின்றான். பின்னர் அவ்வியாபாரி அவனை இனங்காண்பதும் அச்சீழ்க்கையாலேயே.

இந்நிழலை மட்டுஞ் சுட்டி, இதனை மௌனப்பட காலத்து எக்ஸ்பிரஷனிசத்தின் எச்சம் என்போர் உளர். அது பாதி உண்மையே. நிழலிலும் முக்கியமானது சலவைத் தொட்டி என்பது எமது கருத்து. பிள்ளையை எதிர்கொண்டழைக்கத் தாய்க்கு நேரமில்லை. வேலை அவளை அத்தொட்டியோடு பிணைத்திருக்கின்றது. காத்திருப்பின் நடுவே கதவு தட்டப்பட, வந்திருப்பவனோ பரபரப்புத் தொடர்கதை விற்பவன். அதையும் அவள் வாங்கிக்கொள்கின்றாள்!

பின்னர் அவள் எல்சியை அழைக்கின்றாள். குரல் தொடர்கின்றது; காட்சியோ ஆளற்ற மாடிப்படி, துணி உலரும் பரண், உண்ணப்படாத தட்டு எனச் செல்கின்றது. அழைப்பும் ஓய்கின்றது. புதரிலிருந்து பந்து உருண்டுவந்து நிற்கின்றது. பலூன் தந்திக் கம்பிகளிற் சிக்கி, விடுபட்டு அகல்கின்றது. கொலை காட்டப்படவேயில்லை. பின்னணி இசையுமில்லை. அம்மௌனத்தைக் கலைப்பது தாயின் அழுகையன்று. விசேட பதிப்பு விற்கும் பத்திரிகைப் பையன்களின் கூச்சல்.